மறுமொழி: மறுமொழி: ‘இன்ட்ரின்சிக்கலி சேஃப்’ – திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

நாகர்கோவிலிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். வளைகுடா நாட்டு எண்ணெய் ஆலைகளுக்கு வேலைக்குப் போகவிருக்கும் பிள்ளைகளுக்காக, வெடிக்கும் வாயு இருக்கும் இடங்களில் பயன்படும் மின்கருவிகள் பற்றித் தமிழில் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ‘பிளேம்புரூப்’ பெட்டிக்குத் ‘தழலடக்கி’ என்று போட்டாயிற்று. ‘இன்ட்ரின்சிக்கலி சேஃப்’தான் தொண்டையில் நிற்கிறது.

‘உள்ளார்ந்த பாதுகாப்பு’ என்று கரும்பலகையில் எழுதினேன். “பெட்டிக்கு உள்ளே இருக்கும் பாதுகாப்புதானே சார்?” என்றான் ஒரு பையன். அவன் சொன்னது தழலடக்கி. அதற்குள் புகுந்த வாயு வெடிக்கத்தான் செய்யும். பெட்டி அதைத் தாங்கிக்கொள்ளும், மூடியின் இடுக்கு வழியே வருவது வெளி வாயுவைப் பற்றவைக்க முடியாதபடி குளிர்ந்துவிடும். ‘இன்ட்ரின்சிக்கலி சேஃப்’ கருவியிலோ பெட்டியை நம்பியே இல்லை. கம்பி அறுந்தாலும், இரண்டு கம்பிகள் உரசினாலும், எழும் தீப்பொறிக்கு வாயுவைப் பற்றவைக்கும் வலு கிடையாது. அந்த அளவுக்கு மின்சாரத்தை ஒடுக்கி அனுப்புகிறோம். ‘பொறிகாப்பு’ என்று மாற்றினேன். பாதி வகுப்பு கடைசல் எந்திரத்தின் பெல்ட் மூடியை வரைந்து வைத்திருக்கிறது!

தக்கலையிலிருந்து:

பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். பொறி என்றால் எந்திரம், எலிப்பொறி, ஐம்பொறி, இலச்சினை, தீப்பொறி. ஆனால் என் துணிபு வேறு. தீயில் தெறிப்பது வல்லின றகரப் பொறியே அன்று. ‘பொரிதல்’ என்பதன் வழி வந்த ‘பொரி’. மேற்கே மலையாளத்தில் இன்றும் ‘தீப்பொரி’ என்று இடையின ரகரம்தான். எனவே ‘பொரியடக்கம்’ என்று போட்டால் எந்திரத்தோடு குழப்பமே வராது.

நாகர்கோவிலிலிருந்து:

புலவர் ஐயா, அவல்பொரிக் கடை என்று நினைத்துவிடுவார்கள். சொல்லுக்குப் பொருள் வந்த காரணம் சட்டென்று விளங்காது என்று தொல்காப்பியரே கைகழுவியிருக்கிறாரே.

குளச்சலிலிருந்து:

நான் இருபது ஆண்டுகள் குவைத்தில் கருவிப் பிரிவில் இருந்தவன். அங்கே யாரும் தமிழில் கேட்கமாட்டார்கள். ‘இன்ட்ரின்சிக்கலி சேஃப்’பைச் சுருக்கி ‘ஐ.எஸ்.’ என்போம். இளநீலக் கம்பி ஓடினால் அது ஐ.எஸ். வழி, மற்றக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டக் கூடாது. அவ்வளவுதான் படிப்பு. ‘ஐ.எஸ்.’ என்றே எழுதிவிடுங்கள். வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கலாம் என்று விதி செய்த தொல்காப்பியம் அரங்கேறியது நம் அதங்கோட்டாசான் முன்னிலையில். நமக்கு மட்டும் என்ன பிடிவாதம்?

தக்கலையிலிருந்து:

அதங்கோட்டாசான் எழுத்தை மாற்றி ஏற்றுக்கொள்ளத்தான் கேட்டிருப்பார், அண்ணாச்சி. இரண்டு ஆங்கில எழுத்தைப் புள்ளி வைத்து நிறுத்துவதற்கு அல்ல.

மார்த்தாண்டத்திலிருந்து:

சண்டை எந்தப் பக்கம் போகிறது? காப்பு பெட்டியில் இல்லை, மின்சாரத்தின் மெலிவில் இருக்கிறது. அதைச் சொல்லாத சொல் எதுவும் உதவாது. நான் மொழிபெயர்க்கும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைட்ரஜனைப் பற்றவைக்க ஏறத்தாழ 0.02 மில்லிஜூல் போதும். நம் எல்லைக்கு அந்தப்புறம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சினில் எரிக்கிறார்களே, அதே ஹைட்ரஜன். ஒன்றரை கிராம் அண்டிப்பருப்பு (முந்திரிப்பருப்பு) ஒன்றை ஏறத்தாழ 1.4 மில்லிமீட்டர் உயர்த்தும் ஆற்றல்தான் அது! அதற்கும் கீழே மின்சாரத்தை இளைக்க வைக்க வேண்டும். இரண்டு கோளாறுகள் ஒருசேர வந்தாலும் இளைத்தே இருக்க வேண்டும் என்பது ‘ஐஏ’ வகை. எனவே ‘மெலிமின் காப்பு’.

தக்கலையிலிருந்து:

அம்மா, வினைத்தொகையாகக் கொண்டால் சொல் அழகுதான். ஆனால் வம்மின், கேண்மின் என்று படித்த காதுக்கு ‘மெலிமின்’ என்பது ‘மெலியுங்கள்’ என்றல்லவா ஒலிக்கும்? மருத்துவர் சர்க்கரை நோயாளிக்குச் சொல்வதுபோல் இருக்கிறது.

மார்த்தாண்டத்திலிருந்து:

ஐயா, மின்சாரத்துக்கு நாம் இடுகிற ஏவலும் அதுதானே?

குளச்சலிலிருந்து:

இது நன்றாக இருக்கிறது. சிரித்துவிட்டேன். ஆனால் எதற்காக இத்தனை கெடுபிடி என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1913இல் வேல்ஸ் நாட்டுச் செங்கெனித் நிலக்கரிச் சுரங்கத்தில் 439 தொழிலாளர்கள் வெடிப்பில் மாண்டார்கள். மணியடிக்கும் மின்கம்பியில் எழுந்த தீப்பொறி மீது சந்தேகம் விழுந்தது. மணி அடிக்கும் மின்சாரம் என்ன பெரிய மின்சாரம் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ‘சின்னக் கரண்ட்தானே’ என்று நம் பையன்கள் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். மெலிந்தது என்றால் போதாது. எவ்வளவு மெலிந்தது என்று அளந்திருக்க வேண்டும். ‘மெலிமின்’ அதைச் சொல்கிறதா?

மார்த்தாண்டத்திலிருந்து:

சொல்லவில்லை. ‘அளவுமின்’ என்றால் மீட்டர் பெட்டி ஆகிவிடும். வேறு தோன்றவில்லை, அண்ணாச்சி.

நாகர்கோவிலிலிருந்து:

மணி பதினொன்று ஆகிறது. மூவர் ‘மெலிமின் காப்பு’ப் பக்கம், அதில் குளச்சல் அண்ணாச்சி அரை மனதோடு. அதையே போடுகிறேன். பெயர்ப்பலகையில் பிள்ளைகள் பார்க்கப்போவது ‘எக்ஸ் ஐ’ என்ற குறிதான். அதையும் படமாக முதல் பக்கத்தில் வைக்கிறேன். புலவர் ஐயாவின் ‘பொரியடக்கம்’ அடிக்குறிப்பில் வரும்.

தக்கலையிலிருந்து:

அடிக்குறிப்பாவது கிடைத்தது. ஒன்று மட்டும்: பொரிக்கு இடையின ரகரம். அச்சுக்கோப்பவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.