மேட்டைவிட்டு இறங்காத எதிராளியிடம் தொடர்ந்து தோற்கிறேன்: பிரெஞ்சுப் படையை எப்படி நகர்த்துவது?

கேள்வி

நெப்போலியன் காலப் போர்களை ஆடும் கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: நெப்போலியானிக்ஸ் என்ற பலகை விளையாட்டை நெடுங்காலமாக ஒரே நண்பருடன்தான் ஆடி வருகிறேன். அவர் பிரிட்டிஷ் படையைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். ஆகையால் பிரெஞ்சுப் படை எப்போதும் என் பங்காகவே அமைந்துவிடுகிறது. எந்தக் களத்தை விரித்தாலும் அவர் செய்வது ஒன்றுதான்: காலாட்படையை மேட்டின்மேல் வரிசையாக நிறுத்திவிட்டு, நான் வரும்வரை அசையாமல் காத்திருப்பார். நான் நெருங்கும்போது சுட்டு, என் படைகளைக் குறிக்கும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு படை முழுதாக அழியும்போது கிடைக்கும் வெற்றிக்கொடிகளைச் சேர்த்துக்கொள்வார். அவர் ஆட்டத்தில் குற்றம் சொல்ல எதுவுமில்லை, விதிப்படிதான் ஆடுகிறார். ஆயினும் அடுத்து என்ன நடக்கும் என்பது இருவருக்குமே முன்கூட்டித் தெரிந்துவிடுவதால் ஆட்டத்தில் சுவை குறைந்து வருகிறது. நிலைத்து நிற்கும் பிரிட்டிஷ் வரிசையை உடைக்கப் பிரெஞ்சு ஆட்டக்காரர் கைக்கொள்ள வேண்டிய வழி என்ன?

மறுமொழி 1

முதலில் பகடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு முகங்களில் இரண்டில் காலாட்படைச் சின்னமும், ஒன்றில் வாள்களும் உள்ளன. தொலைவிலிருந்து சுடும்போது வாள்களுக்கு மதிப்பில்லை. ஆகவே காலாட்படையைச் சுடும் ஒவ்வொரு பகடையும் மூன்றில் ஒரு முறைதான் பலிக்கும். கைகலப்பில் வாள்களும் கணக்கில் சேர்வதால் இரண்டில் ஒரு முறை பலிக்கும். நகராமல் நின்று சுடும் பிரிட்டிஷ் வரிசைப் படைக்கு (சாதாரணக் காலாட்படைக்கு) ஒரு பகடை கூடுதலாகக் கிடைக்கிறது. கைகலப்பில் இறங்கும் பிரெஞ்சு வரிசைப் படைக்கும் அதுபோலவே கூடுதல் பகடை உண்டு. அப்படியானால், நான்கு கட்டைகளும் குறையாத உங்கள் படை அவர் பக்கத்துக் கட்டத்தை எட்டிவிட்டால், மேட்டை நோக்கித் தாக்குவதால் வரும் குறைவைக் கழித்த பின்னும், கை ஓங்கி நிற்பது நீங்கள்தான். குறையாமல் எட்டுவதில்தான் சிக்கல் இருக்கிறது.

நீங்கள் ஒன்றிரண்டு படைகளாக முன்னேறுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், ஏனெனில் எந்தப் பகுதியில் எத்தனை படைகளுக்கு ஆணையிடலாம் என்று சொல்லும் கையிலுள்ள அட்டைகள் அப்படித்தான் ஆசை காட்டும். அவ்வாறு ஆடினால் அவருடைய மொத்த வரிசையும் உங்கள் ஒரே படையைச் சுடும். மாறாக, துப்பாக்கியின் எல்லை இரண்டு கட்டம் என்பதால், மூன்றாவது கட்டத்திலேயே நான்கைந்து படைகளைத் திரட்டி நிறுத்துங்கள். அந்தப் பகுதி முழுவதையும் நகர்த்தக்கூடிய அட்டை கைக்கு வரும்வரை பொறுத்திருந்து, வந்ததும் எல்லாவற்றையும் ஒரே முறையில் உள்ளே விடுங்கள். அவரிடமும் ஒரு முறைக்கு ஓர் அட்டைதான். அது இரண்டு மூன்று படைகளுக்கே ஆணையிடும் என்றால் மற்றவை சுடாமல் நிற்கும், உங்கள் படைகளில் பாதியாவது முழு எண்ணிக்கையோடு போய்ச் சேரும். காத்திருக்கும் முறைகளில் பீரங்கியைச் சும்மா வைக்க வேண்டாம்.

மறுமொழி 2

மேலே சொன்னது சரியே, ஆனால் குதிரைப்படையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்த விளையாட்டின் உயிர் காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி ஆகிய மூன்றையும் சேர்த்து ஆடுவதில்தான் இருக்கிறது.

குதிரைப்படை தாக்கும்போது காலாட்படை நாற்புறமும் முகம் பார்த்து நிற்கும் சதுர அணி வகுக்கலாம். வகுத்துவிட்டால் குதிரைப்படைக்கு ஒரே ஒரு பகடைதான் என்பதால், பலர் அந்தத் தாக்குதலை வீண் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எதிராளி அதற்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள்: அவர் கையிலிருந்து ஓர் அட்டை, எது என்று தேர்ந்தெடுக்க இடமின்றி, சதுரம் கலையும்வரை ஒதுக்கி வைக்கப்படுகிறது. சதுரத்தில் நிற்கும் படை நகர முடியாது, அதன் தாக்குதலும் ஒரு பகடையாகச் சுருங்கிவிடுகிறது. உங்கள் குதிரைகள் பக்கத்தில் நிற்கும்வரை அது சதுரத்தைவிட்டு வெளியே வரவும் முடியாது. இரண்டு இடங்களில் இப்படி மிரட்டினால் இரண்டு அட்டைகள் போகும். காத்திருந்து ஆடுபவருக்குக் கையில் தேர்வு குறைவதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை. அதன்பின் அதே சதுரத்தின்மீது காலாட்படையைக் கைகலப்புக்கு அனுப்பி, பார்வைக்குள்ளும் எல்லைக்குள்ளும் ஆணை பெற்ற பீரங்கி இருந்தால் அதன் பகடைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே இதைத்தான் செய்யத் தவறினார். பிற்பகலில் அவர் அனுப்பிய குதிரைப்படை அலை அலையாக மேட்டில் ஏறிச் சதுரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது, ஆனால் உடன் செல்லக் காலாட்படையோ போதிய பீரங்கியோ இல்லாததால் சதுரங்கள் உடையவில்லை. மாலையில் லா ஹாயே சாந்த் பண்ணை வீடு பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, அவர்கள் பீரங்கிகளை அருகே கொண்டுவந்த பிறகுதான் பிரிட்டிஷ் மையம் உண்மையிலேயே தள்ளாடியது. சதுரத்தில் நின்றபடியே மடிந்த பிரிட்டிஷ் 27ஆம் காலாட்படைப் பிரிவின் கதை அந்த நேரத்துக்குரியது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒன்றிரண்டு படைகளாக முன்னேறுகிறேன் என்ற ஊகம் முற்றிலும் சரி. ஆயினும் ஓர் ஐயம். நான் மூன்றாவது கட்டத்தில் படை திரட்டுவதை அவர் பார்த்துக்கொண்டுதானே இருப்பார்? அவரும் அதே பகுதிக்குரிய அட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள மாட்டாரா?

மறுமொழி 1

கட்டாயம் சேர்ப்பார், சேர்க்கட்டும். களம் இடம், மையம், வலம் என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. அவர் கை முழுவதும் மைய அட்டைகளால் நிறைந்திருக்கும்போது உங்கள் தாக்குதல் வலப்பக்கம் தொடங்கினால், அவரால் அங்கே ஓரிரு படைகளைக்கூட அசைக்க முடியாமல் போகலாம். நெடுநாள் எதிராளியிடம் இந்த ஏமாற்று எளிதில் பலிக்கும், ஏனெனில் உங்கள் பழக்கத்தை நம்பித்தான் அவர் அட்டைகளைச் சேர்க்கிறார்.

மறுமொழி 3

எனக்கு இந்த உத்திகளில் ஓரளவுக்குமேல் நம்பிக்கையில்லை. அவரும் விரைவில் கற்றுக்கொள்வார், பின்னர் பழைய நிலையே திரும்பும். எல்லாக் களத்திலும் ஒருவரே தாக்குபவர், மற்றவரே காப்பவர் என்றிருப்பதைத்தான் மாற்ற வேண்டும். ஒரே களத்தைப் பக்கம் மாற்றி இரண்டு முறை ஆடி, இரண்டிலும் பெற்ற கொடிகளைக் கூட்டி வெற்றியை முடிவுசெய்வதே பலர் பின்பற்றும் நல்ல முறை. அவர் பிரெஞ்சுப் படையைத் தொடவே மாட்டார் என்றால் ரோலிசா களத்தை விரியுங்கள். 1808 ஆகஸ்ட் 17 அன்று போர்ச்சுகலில் நடந்த அந்தப் போரில் மேட்டில் நின்றவர் பிரெஞ்சுத் தளபதி தெலாபோர்து. எண்ணிக்கையில் மிகுந்த படையுடன் ஏறித் தாக்க வேண்டியிருந்தவர், பின்னாளில் வெலிங்டன் பிரபு என்று பெயர்பெற்ற வெல்லெஸ்லி. உங்கள் நண்பர் தமக்குப் பிடித்த சிவப்புக் கோட்டுப் பிரிட்டிஷ் படையோடு முதல்முறையாக மேடேறட்டும்.

கேள்வி கேட்டவர்

அங்கும் அவர் கீழேயே நின்றுவிட்டால்?

மறுமொழி 3

தொடங்குமுன் ஆளுக்கு எத்தனை முறை ஆடலாம் என்பதற்கு ஒரு வரம்பு பேசிக்கொள்ளுங்கள். வரம்பு முடியும்போது பிரெஞ்சுப் படை மேட்டைவிட்டு விரட்டப்படாமல் இருந்தால் வெற்றி பிரெஞ்சுக்கே என்று இருவரும் ஒப்புக்கொண்டால் போதும். இது விதிநூலில் உள்ளதன்று, நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. வரம்பைக் குறுக்கிவிட்டால் அவருக்கு அநீதி, நீட்டிவிட்டால் பயனில்லை; முதல் ஆட்டத்தைத் தாராளமாக வைத்து ஆடிப் பார்த்துவிட்டு, அடுத்த ஆட்டத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.