பன்னிரண்டு நாள்களில் பாத்திமா, லூர்து, பதுவை, அசிசி, ரோம்: முதியோர் குழுவுக்கு இது தாங்குமா?

பிடோக்வாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் பங்கின் தமிழ்ச் செபக்குழுவினர் ஏறத்தாழ முப்பது பேர் அடுத்த ஆண்டு மே மாதத்தில் ஐரோப்பாவுக்குத் திருப்பயணம் செல்ல விரும்புகிறோம். பாதிக்கும் மேற்பட்டோர் அறுபது வயதைக் கடந்தவர்கள். இருவர் சக்கர நாற்காலியில் வருவார்கள். பயண நிறுவனம் ஒன்று பன்னிரண்டு நாள் திட்டமொன்றைத் தந்திருக்கிறது. போர்த்துகலின் லிஸ்பனில் இறங்கி, அங்குள்ள பாத்திமா, ஸ்பெயினின் சந்தியாகோ, பிரான்சின் லூர்து, பாரிஸ், இத்தாலியின் பதுவை, அசிசி ஆகிய ஊர்களைக் கண்டு ரோமில் முடிக்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் ஓர் இரவுதான் தங்கல். விலை நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் செபிக்கவே நேரமில்லாமல் பேருந்திலேயே நாள்கள் கழிந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். எவற்றை விடலாம், எவற்றை விடவே கூடாது? எங்களுடன் ஒரு தமிழ்க் குருவானவரும் வருகிறார். திருத்தலங்களில் தமிழில் திருப்பலி நிறைவேற்ற இயலுமா? சென்று வந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தோபாயோ அண்ணன் எழுதியது:

தங்கையே, உங்கள் அச்சம் நியாயமானது. வரைபடத்தை விரித்துப் பாருங்கள். பாத்திமாவிலிருந்து லூர்துக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். சந்தியாகோவையும் சேர்த்தால் தூரம் இன்னும் கூடும். அறுபது வயதைக் கடந்தவர்களை இரண்டு நாள் பேருந்தில் உட்கார வைத்து, மாலையில் லூர்தில் இறக்கி, மறுநாள் காலையில் மீண்டும் ஏற்றுவது திருப்பயணம் ஆகாது.

லூர்துக்குக் குறைந்தது இரண்டு முழு நாள்கள் ஒதுக்குங்கள்; இதில் மட்டும் பயண நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். 1858ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை பெர்னதெத் என்ற பதினான்கு வயதுச் சிறுமிக்கு அன்னை 18 முறை காட்சி கொடுத்த இடம் அது. திருப்பயணிகள் கூடும் பருவத்தில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கு நோயாளிகளை முன்னிறுத்தி நற்கருணைப் பவனி நடக்கும். இரவு ஒன்பது மணிக்கு மெழுகுவர்த்திப் பவனி. பல மொழிகளில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு ஆயிரக்கணக்கானோர் நடக்கும் அந்தப் பவனியில் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கே முதலிடம் தருவார்கள். ஓர் இரவு மட்டும் தங்குபவர்கள் களைப்பில் அதைத் தவறவிட்டு, காட்சி நடந்த குகையான கெபியில் அவசரமாக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்புகிறார்கள். திருத்தல வளாகம் பெரும்பாலும் சமதளம் என்பதால் முதியோருக்கு இதைவிட வசதியான இடம் உங்கள் பட்டியலில் வேறில்லை.

அசிசி இதற்கு நேர்மாறானது. மலைச்சரிவில் கட்டப்பட்ட ஊர், கல் பாவிய ஏற்றத் தெருக்கள். பேருந்தைக் கீழேயே நிறுத்திவிடுவார்கள். ஏற முடியாதவர்கள் சமவெளியில் இருக்கும் தூதர்களின் அன்னை பேராலயத்தில் கூடுதல் நேரம் செலவிடலாம். பிரான்சிஸ் அசிசியார் 1226இல் உயிர்நீத்த இடமும், அவர் தம் கையால் செப்பனிட்ட போர்சியுங்குலா என்ற சின்னஞ்சிறு ஆலயமும் அந்தப் பேராலயத்துக்குள்ளேதான் இருக்கின்றன.

என் கருத்து இதுதான்: போர்த்துகலும் லூர்தும் ஒரு பயணம், இத்தாலியும் லூர்தும் மற்றொரு பயணம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பாரிஸை விட்டுவிடலாம். அது சுற்றுலாவுக்காகச் சேர்க்கப்பட்ட ஊர்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

அண்ணன் சொன்னவற்றில் பாரிஸைப் பற்றியதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. சிங்கப்பூர்க் கத்தோலிக்கர்கள் விட்டுவிடக் கூடாத ஒரு தெரு அங்கே இருக்கிறது. ரூ து பாக் தெருவில், 1830இல் புனித கத்தரீன் லபூரேவுக்கு அன்னை காட்சி கொடுத்த அற்புதப் பதக்கச் சிற்றாலயத்துக்குச் சற்றுத் தள்ளி, பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் தலைமையகம் உள்ளது. நம் தீவில் தொடக்ககால ஆலயங்கள் பலவற்றை எழுப்பியவர்கள் அந்தச் சபையின் குருக்களே. தமிழர்களுக்கென்று 1888இல் ஓப்பிர் சாலையில் லூர்து அன்னை ஆலயம் எழுந்ததும் அவர்கள் முயற்சியால்தான். கொரியாவில் 1839இல் மறைசாட்சியாக இறந்த ஆயர் இம்பெர், நல்லாயர் தம் மந்தைக்காக உயிரைக் கொடுப்பார் என்று சொல்லித் தம்மையே கையளித்தார். விக்டோரியா தெருவில் இருக்கும் நம் பேராலயத்துக்கு நல்லாயர் என்ற பெயர் வந்தது அவருடைய அந்தத் தியாகத்தால். அவரும் அந்தச் சபையைச் சேர்ந்தவரே. இளம் குருக்கள் வீடு திரும்பும் நம்பிக்கையின்றி அங்கிருந்துதான் கீழ்த்திசைக்குப் புறப்பட்டார்கள் என்பதை உங்கள் குழுவின் இளையோருக்கு அந்த இடத்திலேயே நின்று சொல்லுங்கள். தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர தாம் பேராலயமும் அதே ஊரில்தான் உள்ளது.

ஆகவே பாரிஸில் தொடங்கி ரோமில் முடியுங்கள். இரண்டு ஊர்களுக்கும் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. பாரிஸிலிருந்து லூர்துக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பிறகு விமானத்தில் இத்தாலி. பதுவையை எக்காரணத்துக்காகவும் நீக்கிவிடாதீர்கள். செவ்வாய்க்கிழமை நவநாளைத் தவறவிடாத நம் பாட்டிமார்களுக்குக் கோடி அற்புதரான புனித அந்தோனியாரின் கல்லறைக் கல்லில் கை வைத்து மன்றாடுவது எவ்வளவு பெரிய பேறு! 1231இல் இறந்த அந்தோனியாரின் நாக்கு இன்றும் அங்கே திருப்பண்டமாகக் காக்கப்படுகிறது.

ரோமில் எல்லோரும் நான்கு பெரிய பசிலிக்காக்களையும் காட்டுவார்கள். நீங்கள் கூடுதலாக இயேசு சபையின் ஜெசு ஆலயத்தைக் கேட்டு வாங்குங்கள். முத்துக்குளித்துறையில் திருமுழுக்குக் கொடுத்த சவேரியாரின் வலக்கை அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. கோவாவில் அவர் உடலைக் கண்டவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். கையைக் கண்டவர்கள் குறைவு. புனித பேதுரு சதுக்கத்தில் நிற்கும்போது, 2022 மே 15 அன்று நம் தமிழ் மறைசாட்சி தேவசகாயம் அங்கேதான் புனிதராக உயர்த்தப்பட்டார் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். உள்ளூர் வழிகாட்டிகள் சொல்ல மாட்டார்கள்.

லிஸ்பன் விடுபடுவதில் எனக்கும் வருத்தமே. அந்தோனியார் பிறந்ததும், தமிழகத்தின் ஓரியூரில் 1693இல் மறைசாட்சியாகக் குருதி சிந்திய அருளானந்தர் 1647இல் பிறந்ததும் அந்த ஊரில்தான். அதற்காகவே பாத்திமாவையும் லிஸ்பனையும் சேர்த்துத் தனிப் பயணமாகப் பின்னொரு முறை செல்லுங்கள்.

ஜூரோங் தம்பி எழுதியது:

அக்கா, விசா பற்றி யாரும் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு ஷெங்கன் விசா தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் இங்கே நிரந்தரவாசிகளாக இருந்தாலும் விசா எடுத்தாக வேண்டும். அதிக நாள்கள் தங்கும் நாட்டின் தூதரகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், பிரான்சா இத்தாலியா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் காப்புறுதியும் கட்டாயம். முன்பணம் கட்டுவதற்கு முன், அந்த நிறுவனத்துக்குச் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடோக்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பாரிஸ், லூர்து, பதுவை, அசிசி, ரோம் என்ற வரிசையை ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின் குழுவினர் முன் வைக்கிறேன். பாத்திமாவை எதிர்பார்த்திருந்த சிலரைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும். தமிழ்த் திருப்பலி பற்றி மட்டும் யாராவது சொல்லுங்களேன்.

தோபாயோ அண்ணன் எழுதியது:

தாராளமாக இயலும், தங்கையே. குழுவுடன் வரும் குருவானவர் எந்த மொழியிலும் நிறைவேற்றலாம். ஆனால் இடத்தையும் நேரத்தையும் முன்கூட்டியே திருத்தல அலுவலகத்திடம் கேட்டுப் பெற வேண்டும். லூர்தில் குழுக்களுக்கென்று சிற்றாலயங்களை ஒதுக்கித் தருவார்கள். குருவானவர் தம் ஆயரோ சபைத் தலைவரோ வழங்கிய அடையாளச் சான்றைக் கையோடு கொண்டுவர வேண்டும். தமிழ் வாசக நூலையும் பாடல் தாள்களையும் இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். ரோமில் புதன்கிழமை இருக்கும்படி நாள்களை அமையுங்கள். திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு வழக்கமாக அன்றுதான் நடைபெறும், அனுமதிச் சீட்டு இலவசம். அதற்குப் பணம் கேட்டுப் பட்டியலில் சேர்த்திருந்தால், எதற்கான கட்டணம் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.