சின்ன வயசில் பார்த்த கார்ட்டூனில் ஒளிந்திருந்த அரசியல்: உங்களுக்கு உறைத்த இடம் எது?

இரவுப்பறவை:

கேப்டன் பிளானட் கார்ட்டூன் பத்தி இங்க யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. அஞ்சு மோதிரம், அஞ்சு பிள்ளைங்க, அவங்க கூப்பிட்டா வந்து பூமியக் கெடுக்கிறவங்களோட மோதுற, பச்சை முடி வச்ச அந்த மனுஷன். நேரா விஷயத்துக்கு வர்றேன்.

போன வாரம் என் பொண்ணோட உட்கார்ந்து பழைய எபிசோடுகள வரிசையா ஓட விட்டேன். ஆரம்பத்துல பிள்ளைங்கள ஒவ்வொருத்தரா அறிமுகப்படுத்துற குரல் வருமே, அத அவ மனப்பாடமே பண்ணிட்டா. ஆப்பிரிக்காவிலிருந்து க்வாமே, வட அமெரிக்காவிலிருந்து வீலர், சோவியத் யூனியனிலிருந்து லிங்கா. நடுவுல நிறைய விட்டுட்டு, பிந்தின சீசன்ல இருந்து ஒண்ணப் போட்டேன். குரல் இப்ப "கிழக்கு ஐரோப்பாவிலிருந்து லிங்கா"ன்னு சொல்லுது. அவ டக்குன்னு என் பக்கம் திரும்பி, "அப்பா, லிங்கா வீடு மாத்திட்டாளா?"ன்னு கேட்டா.

ரிமோட் கையில இருக்கு, வாயில வார்த்தை வரல. தொடர் வர ஆரம்பிச்சது 1990 செப்டம்பர். சோவியத் யூனியன் கலைஞ்சது 1991 டிசம்பர். ஒரு நாடே இல்லாமப் போச்சு. கார்ட்டூன்ல அந்த ஒரு இடத்த மட்டும் திரும்பப் பேசிச் சேர்த்துட்டாங்க. நான் பையனா இருந்தப்ப என் கண்ணுல பட்டது எண்ணெயும் புகையும் செத்த மீனும்தான். பனிப்போர்ல எதிரெதிரா நின்ன ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களையும் ஒரே அணியில சேர்த்திருந்தாங்கன்னு இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்ல.

"ஆமாம்மா, மாத்திட்டா"ன்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன். அதுதான் உறுத்திக்கிட்டே இருக்கு. உங்களுக்கும் இப்படி ஒரு இடம் இருக்கும். சொல்லுங்க.

பழைய ரிமோட்:

எனக்கு டைனோசர்ஸ் தொடரோட கடைசி எபிசோடு. 1994ல வந்தது. பொம்மை டைனோசர் குடும்பம், "நீ அம்மா இல்ல"ன்னு அப்பா மண்டையில அடிக்கிற குழந்தை, எல்லாம் ஞாபகம் இருக்கும்.

சிரிக்கலாம்னுதான் உட்கார்ந்தேன். வருஷா வருஷம் ஒரு வண்டுக் கூட்டம் வந்து ஒரு கொடியைத் தின்னும். அந்த வருஷம் வரல. அதுங்க முட்டையிடுற சதுப்பு நிலத்துல கம்பெனி மெழுகுப் பழத் தொழிற்சாலை கட்டிட்டான். வண்டு இல்லாததால கொடி ஊரையே மூடுது. கொடிய அழிக்க மருந்து அடிக்கிறாங்க, உலகத்துல இருக்கிற செடி மொத்தமும் கருகிப் போகுது. மழை வரவழைக்கிறோம்னு எரிமலைக்குள்ள குண்டு போடுறாங்க, கரும்புகை சூரியனை மறைச்சு பனி கொட்ட ஆரம்பிக்குது. முதலாளி ரிச்ஃபீல்ட் மட்டும் சந்தோஷமா இருக்கான், போர்வையும் ஹீட்டரும் அப்படி விக்குது!

ஆனா என்னை இன்னும் விடாதது கடைசி அரை நிமிஷம். செய்தி வாசிக்கிறவர் வானிலை சொல்றார்: தொடர்ந்து பனி, இருட்டு, கடுங்குளிர். குட் நைட் சொல்றார். சின்ன இடைவெளி. அப்புறம் குட் பை. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையா இருக்கு. அவ்வளவுதான், தொடரே முடிஞ்சுது. அதுக்கப்புறம் வானிலை அறிக்கை கேக்கும்போதெல்லாம் அந்த இடைவெளி எனக்குக் கேக்கும்.

நேர்கோடு:

தலைப்போடு எனக்கு உடன்பாடு இல்லை. "ஒளிந்திருந்த" என்று ஏன் சொல்கிறோம்? கேப்டன் பிளானட்டை உருவாக்கியவர்கள் டெட் டர்னரும் பார்பரா பைலும். சுற்றுச்சூழல் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லவே இதை எடுக்கிறோம் என்று அறிவித்துவிட்டுத்தான் எடுத்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்த ஒன்றைப் பெரியவர்கள் ஆன பிறகு கவனித்துவிட்டு, ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது நியாயமில்லை, இரவுப்பறவை.

என் அனுபவம் இதற்கு நேர் எதிரானது. இல்லாத செய்தியை இருப்பதாக நம்பி ஊர் முழுக்கச் சொன்னவன் நான். கல்லூரியில் ஒரு நண்பன் சொன்னான்: ஸ்மர்ஃப் கார்ட்டூனில் வரும் நீல நிறக் குட்டி மனிதர்களின் ஊர் ஒரு கம்யூனிச கிராமம். பணம் கிடையாது, எல்லோருக்கும் ஒரே வெள்ளைத் தொப்பி, சிவப்பு உடையில் தாடி வைத்த தலைவர். கேட்டதும் சிலிர்த்துப் போனேன். பல ஆண்டுகள் இதையே பெருமையாகப் பேசித் திரிந்தேன்.

பிறகு மூலக் கதைகளைத் தேடிப் படித்தேன். பெல்ஜியத்துக்காரர் பேயோ 1958இல் தொடங்கியவை. 1960களில் அவர் வரைந்த ஒரு கதையில் அந்தத் தாடித் தலைவர் பாப்பா ஸ்மர்ஃப் வெளியூர் போகிறார். தலைவர் யார் என்று தேர்தல் வைக்கிறார்கள். ஒருவன் ஆளுக்கு ஆள் வேறு வேறு வாக்குறுதி கொடுத்து ஜெயிக்கிறான், தங்க உடை போட்டுக்கொள்கிறான், மற்றவர்களை வேலை வாங்கி அரண்மனை கட்டுகிறான், தன்னிடம் குறும்பு செய்தவனைச் சிறையில் தள்ளுகிறான். கடைசியில் உள்நாட்டுச் சண்டை. இதை எழுதியவரைப் பிரச்சாரகர் என்று எந்தக் கட்சிக் கணக்கில் எழுதுவது? 1981இல் தொடங்கிய தொடராக ஹன்னா-பார்பெரா நிறுவனம் தொலைக்காட்சிக்கு எடுத்தபோது இதே கதையில் அரசனாவது பிரெய்னி. புத்திசாலியை எல்லோரும் கிண்டல் செய்யும் கதையாக அது மாறிவிட்டது. 2011இல் பிரான்சில் அந்த்வான் புவேனோ என்பவர் ஸ்மர்ஃப் கிராமம் ஒரு சர்வாதிகாரச் சமூகம் என்று ஒரு நூலே எழுதினார். பேயோவின் மகன் அதை ஏற்கவில்லை. அந்தக் கதையைப் படித்து முடித்த இரவு, யார் யாரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

உண்மையிலேயே ஒளிந்திருப்பது எது என்று கேட்டால், சொல்லாமல் விட்டதைச் சொல்வேன். கேப்டன் பிளானட்டின் வில்லன்களைப் பாருங்கள். லூட்டன் பிளண்டர், ஸ்லை ஸ்லட்ஜ், டாக்டர் பிளைட். இவர்களில் பலர் அழிப்பதில் சுகம் காண்பவர்கள். கூலிக்காக ஆலையில் நிற்பவன், வாங்கிக் குவிக்கும் வீடு, அனுமதிக் கையெழுத்து போடும் அதிகாரி, இவர்களுக்கெல்லாம் அந்த உலகத்தில் பெரிய இடம் கிடையாது. ஒவ்வொரு முறையும் "சக்தி உங்களிடம்தான்" என்று பிள்ளையிடம் சொல்லி முடிப்பார்கள். குழாயை மூடு, விளக்கை அணை. எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் ஆறு முழுவதையும் தூக்கி வைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

செம்பருத்தி:

நேர்கோடு அண்ணா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிப்படையாகச் சொன்னாலும், யார் வாயால் சொல்ல வைக்கிறார்கள் என்பதில் ஒளிக்க இடம் இருக்கிறது. ஜப்பானியக் கார்ட்டூன் டோரேமானில் யானையும் சித்தப்பாவும் வரும் கதையைப் பார்த்திருக்கிறீர்களா? 1973இல் வந்த மூலக்கதையைப் பலமுறை கார்ட்டூனாக எடுத்திருக்கிறார்கள். நான் மகனோடு சப்டைட்டில் வைத்துப் பார்த்தேன்.

நோபிட்டா என்ற பையனின் சித்தப்பா சின்ன வயதில் மிருகக்காட்சிசாலை யானை ஒன்றை உயிராக நேசித்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதைக் கொல்ல உத்தரவு. அதைக் கேட்டதும் நோபிட்டாவும் அவனுடைய ரோபோ பூனை டோரேமானும் கால இயந்திரத்தில் கிளம்பிவிடுகிறார்கள். யானை எலும்பும் தோலுமாக நிற்கிறது. கலங்கி நிற்கும் பெரியவர்களிடம் இவர்கள் இருவரும் முகம் மலர்ந்து சொல்கிறார்கள்: கவலைப்படாதீர்கள், போர் சீக்கிரம் முடிந்துவிடும். ஜப்பான் தோற்றுவிடும்.

என் மகன் கைதட்டிச் சிரித்தான். ராணுவ அதிகாரி கொதித்துப்போய் அவர்களை ஒற்றர்கள் என்கிறார். அவன் அதற்கும் சிரித்தான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தன் நாடு தோற்றதை, இரண்டு பிள்ளைகள் சிரித்தபடி சொல்லும் நல்ல செய்தியாக ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1933இல் பிறந்தவர். போர் முடிந்தபோது அவருக்குப் பதினொரு வயது.

இது வெறும் கற்பனையும் இல்லை. 1943இல் டோக்கியோவின் உவேனோ மிருகக்காட்சிசாலையில் மூன்று யானைகளைப் பட்டினி போட்டுக் கொன்றார்கள். கதையில் வரும் யானை தப்பித்துவிடுகிறது. டோரேமான் அதைச் சின்னதாக்கி ராக்கெட்டில் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவான். பிற்காலத்தில் இந்தியக் காட்டில் வழி தவறிய சித்தப்பாவைக் காப்பாற்றுவதும் அதே யானைதான். "நிஜத்திலும் அனுப்பிட்டாங்களாம்மா?" என்று மகன் கேட்டான். இல்லை என்று சொன்னேன். சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.

வழித்துணை:

சின்னதா என் கதை. ஹீ-மேன் கார்ட்டூன் பார்த்துட்டு பொம்மை வேணும்னு அழுது புரண்ட பிள்ளை நான். பின்னாடிதான் தெரிஞ்சுது, மேட்டல் கம்பெனியோட ஹீ-மேன் பொம்மை 1982லயே கடைக்கு வந்துடுச்சு, தொடர் வந்தது 1983ல. பொம்மைய விக்கத்தான் கதை. அன்னிக்கு நான் அழுத அழுகை அவங்க போட்ட திட்டத்துல இருந்திருக்கு. அவ்வளவுதான்.

இப்ப பெற்றோரா இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் சொல்றேன். முதல்ல, பிள்ளை பார்க்கும்போது பக்கத்துல உட்காருங்க. போனைப் பார்த்துக்கிட்டு உட்கார்றது கணக்குல சேராது. ரெண்டாவது, நடுவுல நிறுத்தி விளக்காதீங்க. கதை அறுந்துட்டா பிள்ளை உங்களையும் சேர்த்து வெறுத்துடும். முடிஞ்சப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இந்தக் கதையில யாருக்குப் பேசவே வாய்ப்பு கிடைக்கல?" இந்தக் கேள்விய மிஞ்சி நான் எதையும் பார்த்ததில்ல. வில்லன் எதுக்கு அப்படிச் செஞ்சான்னு அதுவா யோசிக்க ஆரம்பிக்கும். அப்புறம் விளம்பரம். அமெரிக்காவுல 1990ல சட்டமே போட்டாங்க, பிள்ளைங்க நிகழ்ச்சியில விளம்பரம் வாரநாள்னா மணிக்கு 12 நிமிஷம், வாரக்கடைசின்னா பத்தரை நிமிஷம், அதுக்கு மேல கூடாதுன்னு. ஆனா நிகழ்ச்சியே விளம்பரமா இருந்தா எந்தக் கடிகாரத்த வச்சு அளக்கிறது? அதனால படத்துல வர்ற எது கடையில கிடைக்குதுன்னு பிள்ளையவே கண்டுபிடிக்கச் சொல்லுங்க, அத ஒரு விளையாட்டா எடுத்துக்கும். கடைசியா, அரசியல் பேச்சு வந்தா உங்க கட்சிய உள்ள நுழைக்காதீங்க. பிள்ளை பயந்துபோற மாதிரி இருந்தா உடனே அணைச்சுட்டு வேற பேச்சுக்குப் போயிடுங்க.

இரவுப்பறவை, நீங்க பொய் சொன்னதுல தப்பே இல்ல. ஏழெட்டு வயசுல சோவியத் யூனியன் எதுக்கு?

நத்தை:

பயந்தா அணைச்சுடுங்கன்னு சொன்னதுக்காகவே எழுதறேன். என் அக்கா அணைக்கல. அதுக்கு அவளுக்கு நன்றி.

பார்திங் வுட் மிருகங்கள்னு ஒரு கார்ட்டூன் தொடர். 1993ல ஐரோப்பாவுல பல நாட்டுத் தொலைக்காட்சிங்க சேர்ந்து எடுத்தது. காட்டை வெட்டி வீடு கட்டுறாங்க. நரி, ஆந்தை, எலி, மண்ணுக்குள்ள வளை தோண்டுற மோல் எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் தின்னக் கூடாதுன்னு சத்தியம் பண்ணிட்டு, தூரத்துல இருக்கிற சரணாலயத்துக்குக் கிளம்பும். நடுவுல ஒரு பெருவழிச்சாலை. எல்லாம் கடந்துட்டு இருக்கு. முள்ளெலி தம்பதிக்குப் பாதி வழியில கால் நகரல. லாரி வர்ற சத்தம். ரெண்டும் தலைய உள்ள இழுத்து, முள்ளை நிமிர்த்தி, உருண்டையா சுருண்டுக்குது.

நரி வந்தா அப்படித்தானே தப்பிக்கும்! பிறந்ததுல இருந்து தெரிஞ்ச ஒரே வித்தை. பண்ண வேண்டியத ரெண்டும் சரியா பண்ணிச்சு. நான் டிவிய நோக்கி "ஓடு ஓடு"ன்னு கத்தினேன், அக்கா என் கையப் பிடிச்சுக்கிட்டா. லாரி கடந்து போயிடுச்சு.

மரத்தை வெட்டாதேன்னு பாடப் புத்தகத்துல எத்தனையோ தடவை படிச்சேன். ஒண்ணும் ஒட்டல. சுருண்ட அந்த ரெண்டு உருண்டை ஒட்டிக்கிச்சு. ராத்திரி வண்டி ஓட்டும்போது சாலையில உருண்டையா எது கிடந்தாலும் கால் தானா பிரேக்குக்குப் போகும்.

இரவுப்பறவை:

எல்லாருக்கும் நன்றி. நேர்கோடு, ஒளிஞ்சிருந்ததுன்னு எழுதினது தப்புதான். செம்பருத்தி அக்கா எழுதினதப் படிச்சுட்டு நேத்து ராத்திரி பொண்ணுகிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். லிங்கா எங்கயும் போகல, அவ நாடுதான் பல நாடா பிரிஞ்சு போச்சுன்னு. அமைதியா கேட்டுக்கிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப வீலர் எந்த நாடு?"ன்னா.

திரும்பப் போட்டு ரெண்டு பேரும் கேட்டோம். ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, ஆசியா, தென் அமெரிக்கா. மத்த நாலு பேருக்கும் கண்டத்தோட பேர்தான். நாட்டுப் பேரோட வந்தவ லிங்கா ஒருத்திதான்.