கீரை, நெல், கன உலோகம்: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:
ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு மேடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழை விட்டதும் அத்தை ஊருக்குப் போயிருந்தேன். மேட்டுக்குக் கீழே வாய்க்காலில் தண்ணீர் மஞ்சளாக ஓடுகிறது. கலங்கல் இல்லை, அடியில் கூழாங்கல் தெரிகிறது. ஒரு பாட்டி முளைக்கீரையை வேரோடு அதில் முக்கி, மண் போக அலசிச் சாக்கில் அடுக்கிக்கொண்டிருந்தார். "இந்தத் தண்ணியிலயா பாட்டி?" என்றேன். "வேற எந்தத் தண்ணி இருக்கு கண்ணு?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

மண்ணியல் மாணவி:
அண்ணா, பயம் நியாயம்தான். ஆனால் தண்ணீரை மஞ்சளாக்கும் அந்தக் குரோமியம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும், இலைக்கு ஏறுவது கொஞ்சம். அந்தத் தண்ணீரைக் குடிப்பதும் அதில் அலசுவதும்தான் நேரடி ஆபத்து. என்னை உறுத்துவது இன்னொரு கன உலோகமான காட்மியம். சாக்கடைத் தண்ணீர் பாயும் தோட்டத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்குப் பாலக்கீரை வந்தது. கரும்பச்சை, ஒரு புள்ளிகூட இல்லை. சந்தையில் இருந்தால் அந்தக் கட்டைத்தான் முதலில் எடுப்பேன். முடிவு வந்தபோது அதில்தான் காட்மியம் அதிகம். செடி வாடாமலே நமக்கு ஆகாத அளவுக்கு ஏற்றிக்கொள்ளும், எத்தனை அலசினாலும் போகாது.

டெல்டா விவசாயி:
கீரையையே பேசுகிறீர்கள், மூன்று வேளையும் சாப்பிடுவது நெல்லை. ஒரு பயிற்சி முகாமில், அரிசியில் ஆர்சனிக் என்ற நஞ்சு குறைய, வயலைக் காய விட்டு மறுபடி நீர் பாய்ச்சும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறையைச் செய்யச் சொன்னார்கள். பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து, "அப்போ காட்மியம்?" என்றார். பேசியவர் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பெரியவர் கேட்டது சரி. வயலில் நீர் நின்றால் ஆர்சனிக் கரைந்து, சிலிக்கா ஏறும் வழியிலேயே பயிருக்குள் போகும். காய விட்டால் காட்மியம் ஏறும். ஜப்பானில் ஜின்சூ ஆற்றுப் பாசன அரிசி சாப்பிட்ட பெண்களுக்கு எலும்பு நொறுங்கியது காட்மியத்தால்தான். சுரங்கக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது 1968-இல். அதனால் முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். புளிப்பு (அமில) மண்ணென்றால் சுண்ணாம்பு போடுங்கள், துத்தநாகச் சத்துக் குறையாமல் பாருங்கள். வீட்டில் சோற்றை நிறையத் தண்ணீர் வைத்து வடியுங்கள். தண்ணீர் நல்லதாக இருந்தால் ஆர்சனிக் ஓரளவு கஞ்சியோடு போய்விடும், குக்கரில் வைத்தால் அப்படியே நிற்கும்.

மண்ணியல் மாணவி:
அண்ணே, சுண்ணாம்பு காட்மியத்துக்குச் சரி. ராணிப்பேட்டைக்காரர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு வயலில் கொட்டிவிடாதீர்கள். சுண்ணாம்பால் மண்ணின் காரத்தன்மை கூடினால் அந்த மஞ்சள் நிறக் குரோமியம் மண்ணில் இன்னும் எளிதாக நகரும். அந்தப் பக்கம் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தவர்கள் இருந்தால் முடிவை இங்கே போடுங்கள்.