பணத்தைத் திருப்பிக் கட்டியாச்சு, கேஸ் போயிடுமா?

குன்னூர் குமாஸ்தா:
இங்கே யார் கேட்டாலும் "கட்டிட்டா முடிஞ்சுது"ன்னு ஒரே பதில். முடியாதுங்க. பச்சைத் தேயிலை வாங்குற ஃபேக்டரி ஒண்ணுல எடை போடுற பையன், இல்லாத விவசாயி பேர்ல எடைச் சீட்டுப் போட்டுப் பணம் எடுத்தான். அப்பா நகையை அடகு வெச்சு முழுசாக் கட்டினார். மேனேஜர் ஸ்டாம்ப் பேப்பர்ல "இனி வழக்குத் தொடர மாட்டோம்"னு எழுதிக் கொடுத்தார். அப்புறமும் ஸ்டேஷன்ல இருந்து நோட்டீஸ். அந்தப் பெரியவர் பேப்பரை நாலா மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டு, கோர்ட் வாசல்ல ஆளாளுக்கு விரிச்சுக் காட்டினார். தற்காலிகமா எடுத்தாலும் கையாடல்தான்னு பி.என்.எஸ். (புதுக் குற்றச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா) 314 விளக்கமே சொல்லுது.

கொடை லாட்ஜ்:
குமாஸ்தா அண்ணே, பயமுறுத்தாதீங்க. எங்க ஏரி ரோட்டுப் பக்கம் ரிசப்ஷன் கல்லாவுல கை வெச்ச பொண்ணு கேஸ் ராஜியாச்சே! ஓனரம்மா நேர்ல வந்தாங்க. "பணம் வந்துச்சா? யாராவது மிரட்டினாங்களா?"ன்னு மேஜிஸ்ட்ரேட் கேட்டார். வந்துச்சு, மிரட்டலைன்னாங்க. அவ்வளவுதான்.

கோத்தகிரி:
ரெண்டு பேர் சொல்றதும் சரி, பிரிவுதான் வேற. முதலாளி வசம் இருந்ததைத் திருடினா பி.என்.எஸ். 306, நம்பி ஒப்படைச்சதைக் கையாடினா 316(4). ரெண்டுக்கும் 7 வருஷம் வரை, ஜாமீன் உரிமையாக் கிடைக்காது, கோர்ட் நினைச்சாத்தான். ஆனா கோர்ட் அனுமதியோட உரிமையாளர் ராஜி பண்ணலாம், பி.என்.எஸ்.எஸ். (புதுக் குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 359. பண்ணினா விடுதலைக்குச் சமம். பொய்ச் சீட்டு போட்டா கணக்கைத் திருத்தின 344-ம் ஒட்டிக்கும், அதுக்கு ராஜி கிடையாது. ஹைகோர்ட்ல பி.என்.எஸ்.எஸ். 528-ல ரத்து கேட்கணும், நீலகிரிக்கு சென்னை, கொடைக்கானலுக்கு மதுரைக் கிளை. 1-7-2024-க்கு முந்தின குற்றம்னா பழைய இந்திய தண்டனைச் சட்டம் 381, 408, 477ஏ. வங்கி ஆளோ அரசு ஊழியரோன்னா 316(5), ஆயுள் வரை போகும், ராஜியும் இல்லை.

மலைக்காற்று:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். ஆஃபீஸ் மேஜையில உட்கார வெச்சு "எடுத்தது உண்மை"ன்னு எழுதி வாங்குவாங்களே, அதுதான் வினை. போலீஸ்கிட்ட சொன்ன வாக்குமூலம் செல்லாது, முதலாளிக்கு எழுதினது சாட்சியா வரும். மிரட்டி வாங்கினதுன்னா எதிர்க்கலாம், ஆனா அதைக் காட்டணும். பணத்தை ரொக்கமா கட்டாதீங்க, அக்கவுண்ட்ல போட்டு ரசீது வாங்குங்க. தேதி போடாத செக் கொடுத்தா அது திரும்பி வந்து தனிக் கேஸாகும்: வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், 15 நாள் அவகாசம், அப்புறம் ஒரு மாசத்துக்குள் செக் கேஸுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ல புகார். "பணம் தந்தா கேஸை விடறேன்"ங்கற ஒப்பந்தமே ஒப்பந்தச் சட்டம் 23-ல செல்லாதுக்கு உதாரணமா இருக்கு, குமாஸ்தா சொன்ன பேப்பர் அதான். போலீஸ் நேர்ல வரச் சொல்ற பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் வந்தா சொன்ன தேதிக்குப் போயே ஆகணும், போகலைன்னா கைதுக்கு வழி. கம்பெனின்னா ராஜிக்குப் போர்டு தீர்மான நகலோட அதிகாரம் உள்ளவரே வரணும், கேஷியரைக் கூட்டிட்டு வந்து நிக்காதீங்க.

கொடை லாட்ஜ்:
சரி, 5,000 ரூபாய்க்குக் கீழே முதல் தடவைன்னா சமூக சேவை மட்டும்னு சொல்றாங்களே?

கோத்தகிரி:
அது 303(2), சாதாரணத் திருட்டுக்கு. பொருளையோ மதிப்பையோ திருப்பித் தரணும். வேலைக்காரர் திருட்டு 306-ல அந்தச் சலுகையே எழுதலை.