ஜூன் கடைசியில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய்: பனி இருக்குமா?

வணக்கம். இங்கிலாந்தின் கேன்டர்பரியிலிருந்து ரோம் போகும் வியா ஃபிரான்சிஜெனா யாத்திரைப் பாதையில், சுவிட்சர்லாந்தின் பூர்-சான்-பியேர் முதல் இத்தாலியின் ஆவோஸ்தா வரை மட்டும் நடக்கப் போகிறேன். 990-இல் கேன்டர்பரி பேராயர் சிகெரிக் ரோமிலிருந்து ஊர் திரும்பிய வழி.

முதல் நாளே 2,469 மீட்டர் உயரக் கணவாய். போன வருடம் வேறொரு மலையில் ஜூன் பனியில் முழங்கால் வரை புதைந்து, ஷூ நிறையத் தண்ணீரோடு பாதியில் திரும்பியவன் நான். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. ஜூன் கடைசியில் இந்தக் கணவாய்க்குப் போனவர்கள் சொல்லுங்கள்: பாதைக் குறிகள் தெரியுமா, பனிக்கடியில் மறைந்திருக்குமா? ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் தேவைப்படுமா?

இரவு கணவாயின் உச்சியில், கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டாக வழிப்போக்கர்களுக்கு இடம் கொடுக்கும் துறவியர் விடுதியில் தங்க ஆசை. எத்தனை நாள் முன்னால் சொல்லிவைக்க வேண்டும்? அப்புறம், ஆவோஸ்தா பக்கத்து இறக்கம் முழங்காலை ரொம்பப் படுத்துமா?