ஆயுத பூசையும் மகளின் சிலம்பக் கம்பும்

அண்ணாச்சிமார், அக்காமாருக்கு வணக்கம். நாங்கள் பாளையங்கோட்டை, சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். மகளுக்கு 12 வயது, எட்டு மாதமாகச் சிலம்பம் படிக்கிறாள். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக வந்ததைப் பார்த்ததில் இருந்தே இதுதான் கனவு.

இன்னும் மூன்று வாரத்தில் விஜயதசமி. களத்தில் கம்புகளை அம்மன் படத்துக்கு முன் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவார்கள். விழுந்து கும்பிட்டுத்தான் கம்பை எடுக்க வேண்டுமாம். தினமும் மண்ணைத் தொட்டு வணங்குகிறாள், அதில் எனக்கு நெருடல் இல்லை. தொடக்க வணக்கத்துக்கே சலாம் வரிசை என்றுதானே பேர்! படத்துக்கு முன் விழுவதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

ஆசானிடம் பேசினேன். "பூசை கம்புக்குத்தாம்மா" என்றார். ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுத்தால் மற்றதும் கேட்குமாம். எங்கள் சபை ஐயர் (போதகர்), மனசாட்சிப்படி செய்யுங்கள் என்றதோடு சரி. வண்ணார்பேட்டையில் இன்னொரு வகுப்பில் விசாரித்தேன். அங்கும் இதே வழக்கம், காலடி முறையும் வேறு. அன்றைக்குக் காய்ச்சல் என்று லீவு போடலாம் என்றார் வீட்டுக்காரர். "பொய் சொல்லிட்டு ஆசான் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்?" என்கிறாள் இவள்.

மேலப்பாளையம், நாசரேத் பக்கம் பிள்ளைகளைச் சிலம்பத்துக்கு அனுப்பும் முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோரிடம் கேட்கிறேன்: ஆசான் மனம் நோகாமல், விழுந்து கும்பிடாமல் கம்பு வாங்க நீங்கள் என்ன செய்தீர்கள்?